பிளஸ் டூ முடிச்ச பிள்ளைக்கு வழி சொல்றது யாரு? காலேஜ் அட்மிஷனின் 75 வருஷக் கதை

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் 11வது, 12வது படிக்கிற பிள்ளை இருந்தால் பொறுமையாகக் கடைசிவரை படிங்க. இல்லைன்னா தெரிஞ்ச வீட்டுக்கு அனுப்பி வைங்க.

1/
போன வருஷம் ஆகஸ்ட். ஓ.பி.யில் ஒரு அம்மா. வயது 42. தலைச்சுற்றல், படபடப்பு, ராத்திரி தூக்கமே இல்லை. பி.பி. 160/100. இதுக்கு முன்னாடி பிரஷர் இருந்ததில்லை. "வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?"ன்னு கேட்டேன். பதில் வரல, அழுகைதான் வந்தது. கூட வந்த பையன் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னான்.

2/
பையன் பிளஸ் டூ. இன்ஜினியரிங் கட்-ஆப் 200க்கு 178. விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் போட்டிருக்காங்க. போன் நம்பர் கேட்ட இடத்தில் சென்டர்காரர் தன்னோட நம்பரையே போட்டுட்டார். "ஓ.டி.பி. வரும்க்கா, நானே பாத்துக்கறேன்." சீட் ஒதுக்கீடும் ஆயிடுச்சு. அதை உறுதி செய்யச் சொல்லி வந்த மெசேஜ் அவர் போனுக்குப் போச்சு. சீசன் நேரம், நூறு பிள்ளைங்க மெசேஜ்ல இது கலந்துபோச்சு. கெடு முடிஞ்சது. சீட்டும் போச்சு.

3/
சென்டர்காரர் கெட்டவர் இல்லை. அந்த அம்மாவும் அலட்சியமானவர் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போய் பிள்ளையைப் படிக்க வைத்தவர். பையன் தன் வேலையைச் சரியாகச் செய்தான், மார்க் எடுத்தான். அப்புறம் எங்கே தவறியது?

எந்த வியாதியானாலும் டாக்டர் முதலில் கேட்பது ஹிஸ்டரி. இந்த வியாதிக்கும் ஒரு ஹிஸ்டரி இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்த த்ரெட்.

4/
1950க்குப் போவோம். அன்றைய சென்னை மாகாணத்தில் ஆந்திரப் பகுதியும் சேர்ந்திருந்தது. அத்தனை பெரிய மாகாணத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரிகள் 4. மொத்த இடம் 330. இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தவை இரண்டுதான்: சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி. அரசு இன்ஜினியரிங் கல்லூரிகளும் 4. இடம் 395.

5/
அந்த இடங்கள் கம்யூனல் ஜி.ஓ. கணக்கில் நிரம்பின. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2 (அன்றைய ஆணையில் இருந்த சொல்), ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவர் இருவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1.

6/
இந்தக் கணக்கை எதிர்த்துப் போனதுதான் செண்பகம் துரைராஜன் வழக்கு. 1950ல் சென்னை ஐகோர்ட், 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், இரண்டும் ஜி.ஓ.வை ரத்து செய்தன. தமிழ்நாடு கொதித்தது. 1951 ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) அப்படி உள்ளே வந்ததுதான். இந்தியா முழுக்க இன்றைக்குக் கல்லூரிகளில் இருக்கும் இடஒதுக்கீட்டுக்கு வேர், நம்ம ஊர் அட்மிஷன் சண்டை.

7/
இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. அதே தீர்ப்பில் யாரும் அதிகம் பேசாத ஒரு வரி இருக்கு. 330 மருத்துவ இடங்களில் 12 இடம், அரசு தன் விருப்பப்படி கொடுப்பதற்கு. இன்ஜினியரிங்கிலும் அதே 12.

12 இடம் சின்ன எண்ணிக்கைதான். ஆனா அதைக் கேட்டு வாங்க மார்க் போதாது. யாரைப் போய்ப் பார்க்கணும்னு தெரிஞ்சிருக்கணும். அந்த 12ஐ மனசுல வைச்சுக்குங்க. அடுத்த 75 வருஷமும் அது வேறு வேறு வேஷத்தில் வந்துக்கிட்டே இருக்கும்.

8/
அடுத்து 1950களும் 60களும். கல்லூரிகள் பெருகின. மதுரை, தஞ்சாவூர், கீழ்ப்பாக்கம், செங்கல்பட்டு, திருநெல்வேலி, கோவை. சீட்டை மாவட்ட வாரியாகப் பிரித்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனா ஒரு மாவட்டத்தில் குறைந்த மார்க்குக்குக் கிடைத்த சீட், பக்கத்து மாவட்டத்தில் அதைவிட நல்ல மார்க்குக்குக் கிடைக்கவில்லை.

9/
1968ல் சுப்ரீம் கோர்ட் அந்த மாவட்டப் பங்கீட்டை ரத்து செய்தது. வழக்கின் பெயர்: மைனர் பி.ராஜேந்திரன் எதிர் மெட்ராஸ் மாகாணம். "மைனர்" என்ற சொல்லைப் பாருங்க. தன் பெயரில் வழக்குப் போடும் வயதுகூட ஆகாத பிள்ளை. காலேஜ் சீட்டுக்காக மாநில அரசை எதிர்த்து டெல்லி வரை.

10/
இரண்டே வருஷத்தில் அடுத்தது. 1970, பெரியகருப்பன் வழக்கு. இந்த முறை மாவட்டத்துக்குப் பதிலாக "யூனிட்". சென்னைக் கல்லூரிகள் ஒரு யூனிட், வெளியூர்க் கல்லூரிகள் தனித்தனி யூனிட். ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனித் தேர்வு. எந்த யூனிட்டில் போட்டி குறைவுன்னு தெரிஞ்சவங்களுக்கு லாபம், தெரியாதவங்களுக்கு நஷ்டம்.

11/
இதோடு இன்டர்வியூ. மொத்தம் 275 மார்க்கில் 75 இன்டர்வியூவுக்கு! நாலில் ஒரு பங்குக்கும் மேல. இது மிகையாகத் தெரிகிறதுன்னு கோர்ட்டே சொன்னது. யூனிட் பங்கீடும் செல்லாதுன்னு ஆச்சு.

பத்து வருஷம் கழித்து ஸ்ரீநகர் ரீஜனல் இன்ஜினியரிங் கல்லூரி வழக்கு. அங்கே ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம்தான் இன்டர்வியூ. பெற்றோர் பற்றியும் வீடு பற்றியும் கேட்டு அனுப்பிவிட்டார்கள்னு புகார். இன்டர்வியூவுக்கு 15 சதவீதத்துக்கு மேல் கொடுப்பது நியாயமில்லைன்னு 1980ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

12/
யோசிச்சுப் பாருங்க. நாத்து நடுற வீட்டுப் பிள்ளை, 17 வயசு, முதல் தடவையா ஊரைத் தாண்டி வருது. எதிரே கோட்டு போட்ட மூன்று பேர். "அப்பா என்ன செய்றார்?" அந்த ஒரு கேள்வியிலேயே அந்தப் பிள்ளையின் குரல் இறங்கிடும். 75 மார்க் அந்தக் குரலுக்குத்தான்.

13/
1984, எம்.ஜி.ஆர். ஆட்சி. தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது. பிளஸ் டூ மார்க் 200க்கும், நுழைவுத்தேர்வு 100க்கும் கணக்கு. மொத்தம் 300. இனி யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், பேப்பர் திருத்துறவருக்கு அப்பா பேர் தெரியாது. நல்ல விஷயம்தான்.

ஆனா பிளஸ் டூ பரீட்சை முடிஞ்ச மறுநாளே சென்னையிலும் திருச்சியிலும் மதுரையிலும் கோச்சிங் ஆரம்பிச்சிடும். ரூம் எடுத்துத் தங்கிப் படிக்க வசதி இருந்தவங்க போனாங்க. மத்தவங்க ஊரில் பழைய கைடு தேடினாங்க.

14/
அதே காலத்தில் தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகள் முளைத்தன. கூடவே நன்கொடை. 1992ல் தமிழ்நாடு அதைத் தடுக்கச் சட்டம் போட்டது. 1993ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் சுப்ரீம் கோர்ட், தனியார் கல்லூரியிலும் பாதி இடம் மெரிட்டில் குறைந்த கட்டணத்துக்கு, பாதி இடம் அதிகக் கட்டணத்துக்குன்னு பிரித்தது. இத்தனை கல்லூரிக்கு, இத்தனை வகை சீட்டுக்கு, ஒரு ஏழை வீட்டுப் பிள்ளை எத்தனை விண்ணப்பம் வாங்க முடியும்? எத்தனை ஊருக்கு அலைய முடியும்?

15/
அதற்குக் கிடைத்த பதில்தான் சிங்கிள் விண்டோ. ஒரே விண்ணப்பம், ஒரே ரேங்க் லிஸ்ட், ஒரே இடத்தில் கவுன்சிலிங். 1997ல் இருந்து அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. என்னைக் கேட்டா, தமிழ்நாட்டு உயர்கல்வியில் சத்தமில்லாம நடந்த பெரிய புரட்சி இதுதான். இதை நான் புத்தகத்தில் படிச்சு சொல்லல. அந்த ஹாலில் உட்கார்ந்திருந்திருக்கேன்.

16/
2001. எங்கப்பா அரசு பஸ் கண்டக்டர். எங்க தெருவிலேயே காலேஜ் வாசலை மிதிச்சவங்க யாரும் கிடையாது. விண்ணப்பத்தோட சான்றிதழ் நகல்களில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேணும், பச்சை மையில். எங்க ஊர்ல அப்படி ஒரே ஆள், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மா. ஓ.பி. முடியும்வரை அப்பாவும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

17/
அவங்க கையெழுத்து போட்டுக்கிட்டே ஒவ்வொரு தாளையும் பார்த்தாங்க. "சாதிச் சான்றிதழ்ல இன்ஷியல் வேற மாதிரி இருக்கே, தாசில்தார் ஆபீஸ்ல இப்பவே மாத்துங்க. இருப்பிடச் சான்று எங்க? மெடிக்கல் மட்டும் போடாத, இன்ஜினியரிங் பாரமும் போடு, அக்ரியும் போடு. டி.டி. எடுத்தா பின்பக்கம் பேர் எழுது." 20 நிமிஷம். அந்த 20 நிமிஷம் இல்லைன்னா இன்னிக்கு நான் இந்த நாற்காலியில் இல்லை. அந்த இன்ஷியல் ஒண்ணு போதும், என்னைத் திருப்பி அனுப்பியிருக்க.

18/
மெடிக்கல் கவுன்சிலிங்குக்கு முன்னாடியே இன்ஜினியரிங் அழைப்பு வந்துடுச்சு. அழைப்புக் கடிதத்தைக் காட்டினா மாணவருக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் பஸ் கட்டணத்தில் பாதி சலுகை. அப்பா கண்டக்டர், அவருக்கே அந்தச் சலுகை அப்பதான் தெரியும். ராத்திரி பஸ் ஏறி விடியக்காலை கிண்டி.

19/
ஹாலில் பெரிய திரை. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எந்தப் பிரிவில் எத்தனை இடம் மீதின்னு ஓடிக்கிட்டே இருந்தது. ஒருத்தர் சீட் எடுத்தா எண்ணிக்கை ஒண்ணு குறையும். எங்களுக்கு முன் வரிசையில் ஒரு பெரிய அதிகாரியின் குடும்பம். அப்பா காதுகிட்ட வந்து சொன்னார்: "அவருக்கும் நமக்கும் ஒரே போர்டுதாம்மா." டிக்கெட் கிழிச்சு கிழிச்சு 25 வருஷம் மனுஷங்களைப் பார்த்தவர். அவருக்கு அந்த ஹாலோட அர்த்தம் உடனே புரிஞ்சது.

20/
ஒரு மாசத்தில் மெடிக்கல் சீட் கிடைச்சது, இன்ஜினியரிங் சீட்டை விட்டுட்டேன். ஆனா "இதுவும் இல்லைன்னா?" என்ற பயம் இல்லாம அந்த ஒரு மாசம் நான் தூங்கினேன். அந்தத் தூக்கம் டாக்டரம்மா சொன்ன இரண்டாவது விண்ணப்பம் கொடுத்தது.

21/
நுழைவுத்தேர்வுக்கு வருவோம். 2005ல் ஜெயலலிதா அரசு ஆணை போட்டு ரத்து செய்தது, கோர்ட்டில் நிற்கல. 2006 ஆரம்பத்தில் சட்டமே போட்டாங்க, அதுவும் நிற்கல. பிறகு கருணாநிதி அரசு ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கையை வைத்துச் சட்டம் கொண்டுவந்தது. 2007 மார்ச்சில் ஜனாதிபதி ஒப்புதல். அந்த வருஷத்தில் இருந்து பிளஸ் டூ மார்க் மட்டுமே. உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கட்-ஆப் 200.

இரண்டு எதிர்க்கட்சிகளும் ஒரே காரியத்துக்கு முயற்சி செய்தது நம்ம ஊரில் அபூர்வம். அதையும் குறித்து வைப்போம்.

22/
இப்ப கிராமத்துப் பிள்ளைக்குப் பாதை நேரானதா? ஓரளவு. ஆனா பழைய 12 இடம் வேறு வேஷத்தில் வந்தது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகள். 11வது பாடத்தை ஓரங்கட்டிட்டு இரண்டு வருஷமும் 12வதையே அரைத்தார்கள். "பிராய்லர் ஸ்கூல்"னு பேரே வந்தது. 200க்கு 199 வாங்கினவங்க குவிஞ்சாங்க. முதல் வருஷ எம்.பி.பி.எஸ்.சில் சில பேர் 11வது பாடம் தெரியாம முழிச்சதை நேரில் பார்த்திருக்கேன். 2018ல் 11வதுக்கும் பொதுத்தேர்வு வந்தது இதனால்தான்.

23/
அடுத்து நீட். 2013ல் முதல் தேர்வு, அதே வருஷம் ஜூலையில் சுப்ரீம் கோர்ட் ரத்து, 2016ல் அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. 2016ல் தமிழ்நாட்டு அரசு இடங்களுக்கு விலக்கு. 2017லும் விலக்கு வரும் வரும்னு ஆகஸ்ட் வரை சொன்னாங்க. ஆகஸ்ட் 22ல் வராதுன்னு ஆச்சு. செப்டம்பர் 1, அரியலூர் மாவட்டத்து அனிதாவை இழந்தோம். 1200க்கு 1176 எடுத்த பிள்ளை.

24/
நீட் வேணுமா வேண்டாமா என்பது தனி விவாதம். எனக்குக் கருத்து உண்டு, இங்கே அது வேண்டாம். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். 17 வயசுப் பிள்ளைங்க ஒரு விதியை நம்பி இரண்டு வருஷம் படிச்சாங்க. எந்த விதின்னு அட்மிஷன் மாசத்தில்தான் பெரியவங்க முடிவு பண்ணினோம். எந்தப் பக்கம் நின்னாலும் இது நாம செய்த தப்பு.

25/
நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் 2021 அறிக்கையில் ஒரு கணக்கு. எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் ஒரு முறைக்கு மேல் முயன்றவர்கள் 2016-17ல் சுமார் 12 சதவீதம். 2020-21ல் சுமார் 71 சதவீதம். ஒரு வருஷம், இரண்டு வருஷம் வருமானம் இல்லாம, கோச்சிங் கட்டணமும் கட்டி, காத்திருக்க முடிஞ்ச வீடு எது? இதுவும் அந்த 12 இடம்தான். வேஷம் வேற.

26/
அதற்குத் தமிழ்நாடு தேடிய மருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சு நீட் தேறியவர்களுக்கு மருத்துவ இடம். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2021ல் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, சட்டம் வரை விரிந்தது. இப்ப எங்க ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனா நிற்கிற சில பிள்ளைங்க அந்தக் கதவு வழியா வந்தவங்க. ஊசி போடும்போது கை நடுங்குது, நோயாளிகிட்ட பேசும்போது நடுங்கல. அவங்க பேசறது தன் தெருக்காரங்ககிட்டதானே.

27/
இடங்களும் கூடின. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள், 1450 இடங்கள். 1950ல் அவ்வளவு பெரிய மாகாணம் முழுக்க 330தான் இருந்தது என்பதை ஒருமுறை நினைச்சுக்குங்க. கதவுகள் நிஜமாகவே பெருகியிருக்கு.

28/
2018ல் இன்ஜினியரிங் கவுன்சிலிங் ஆன்லைனுக்குப் போச்சு. ராத்திரி பஸ் வேண்டாம், கிண்டியில் வெயிலில் நிற்க வேண்டாம். பெண்பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்பத் தயங்கிய வீடுகளுக்குப் பெரிய விடுதலை. சான்றிதழில் பச்சை மைக் கையெழுத்தும் அதற்கு முன்பே போயிடுச்சு, நாமே கையெழுத்து போட்டுக்கலாம். எல்லாம் நல்லதுக்குத்தான்.

29/
ஆனா ஒண்ணை யாரும் கணக்கில் எடுக்கல. அந்தப் பச்சை மைக் கையெழுத்துக்காக ஒரு பிள்ளை, படிச்ச ஒரு பெரியவர் முன்னாடி நின்னுச்சு. அந்தப் பெரியவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். அந்த ஹாலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் "அந்தக் காலேஜ் வேண்டாங்க, இதை எடுங்க"ன்னு சொன்னார். அலைச்சலோடு சேர்த்து அந்தப் பேச்சையும் எடுத்துட்டோம். அந்த இடத்தில் இப்ப பிரவுசிங் சென்டர் இருக்கு. அவர்கிட்ட கம்ப்யூட்டர் இருக்கு, ஆனா க்யூ நிற்குது. 20 நிமிஷம் பேச அவருக்கு நேரமில்லை.

என்கிட்டயும் இப்ப யாரும் கையெழுத்துக்கு வர்றதில்லை. அதனாலதான் அந்த அம்மா என்கிட்ட விண்ணப்பத்தோட வரல. பிரஷரோட வந்தார்.

30/
75 வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தா எனக்குத் தெரியறது இது. ஒவ்வொரு விதி மாற்றமும் ஒரு கதவைத் திறந்தது. திறந்த ஒவ்வொரு முறையும், அது எங்கே இருக்குன்னு முன்கூட்டியே தெரிஞ்ச வீடு முதலில் நுழைஞ்சது. மார்க் எடுக்கிறது பிள்ளையோட வேலை. கதவைக் காட்டறது பெரியவங்க வேலை. அதைச் சட்டம் செய்யாது, வெப்சைட்டும் செய்யாது.

31/
அதனால, டாக்டரம்மா எனக்குக் கொடுத்த 20 நிமிஷத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல்: போன் நம்பரும் இ-மெயிலும் உங்க வீட்டோடதா இருக்கணும். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வைங்க. ஜூனில் இருந்து அட்மிஷன் முடியும்வரை அந்த சிம்மை மாத்தாதீங்க, ரீசார்ஜை விடாதீங்க. கவுன்சிலிங் நாட்களில் மெசேஜுக்குக் காத்திருக்காம தினமும் ஒரு தடவை லாகின் பண்ணிப் பாருங்க.

32/
இரண்டு: சான்றிதழ். சாதி, இருப்பிடம், வருமானம், வீட்டில் யாரும் பட்டம் படிக்கலைன்னா முதல் பட்டதாரிச் சான்று. ரிசல்ட் வரும் முன்னாடியே இ-சேவையில் போடுங்க. ஆதார், மார்க் ஷீட், சாதிச் சான்று மூணுலயும் பேரும் இன்ஷியலும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு பாருங்க. அரசுப் பள்ளிப் பிள்ளைன்னா 6 முதல் 12 வரை படிச்சதுக்கான ஆதாரம் கையில் இருக்கட்டும்.

33/
மூணு: ஒரே கதவை நம்பாதீங்க. மெடிக்கல்தான் கனவுன்னாலும் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, நர்சிங் மற்றும் பாராமெடிக்கல், அரசு கலைக் கல்லூரி எல்லாத்துக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி கடைசித் தேதி. ஒரு காலண்டரில் சிவப்பில் வட்டம் போட்டு சமையல்கட்டில் மாட்டுங்க. கனவை விடச் சொல்லல. கனவு கைகூடும்வரை பிள்ளை தூங்கணும், அதுக்கு.

34/
நாலு, ரொம்ப முக்கியம்: சாய்ஸ் லிஸ்ட். "நமக்குக் கிடைக்காது"ன்னு நல்ல கல்லூரியைக் கீழே தள்ளாதீங்க. கம்ப்யூட்டர் என்ன செய்யும்? உங்க ரேங்க் வரும்போது உங்க லிஸ்டில் மேலிருந்து கீழே வரும், காலியா இருக்கிற முதல் இடத்தைக் கொடுக்கும். அவ்வளவுதான். மேலே இருப்பது கிடைக்கலைன்னா கீழே இருப்பதுக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஆனா பிடிக்காததை மேலே போட்டா, அது கிடைச்சவுடனே கம்ப்யூட்டர் அங்கேயே நின்னுடும். பிடிச்ச வரிசையில் போடுங்க, நிறைய போடுங்க.

35/
அஞ்சு: ஓ.சி. என்றால் முற்பட்டவங்களுக்கான இடம்னு பல பேர் நினைக்கிறாங்க. இல்லை. அது எல்லாருக்குமான பொதுப் போட்டி இடம். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளும் ரேங்க் இருந்தா அதில் போகலாம், போறாங்க.

ஆறு: சீட் ஒதுக்கியதும் வேலை முடியல. ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே கிடைக்குமான்னு காத்திருக்கிறேன், வேண்டாம்னு விடுகிறேன், இப்படி ஒரு பதிலைக் கெடுவுக்குள்ள கொடுக்கணும். பதில் சொல்லலைன்னா சீட் போயிடும். மெடிக்கலில் ரவுண்டுக்கு ரவுண்டு விதியும் வைப்புத்தொகையும் மாறும். அந்த வருஷத்துக் கையேட்டை ஒருத்தராவது முழுசா படிங்க. போன வருஷம் மாமா பையனுக்கு நடந்தது இந்த வருஷம் செல்லாது.

36/
ஏழு, இது டாக்டரா சொல்றது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பிள்ளை சாப்பிடுதா, தூங்குதா, பேசுதான்னு பாருங்க. ரூமை விட்டு வரல, "நான் எதுக்கும் லாயக்கில்லை"ன்னு சொல்லுதுன்னா அதை நாடகம்னு நினைக்காதீங்க. கூட உட்காருங்க. 104க்கோ 14416க்கோ கூப்பிடுங்க, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பாங்க. பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க.

37/
அந்தப் பையன் என்ன ஆனான்? அம்மாவுக்கு மாத்திரை எழுதினேன். அவனை மறுநாள் தனியா வரச் சொன்னேன். இரண்டு வாரமா வீட்டை விட்டு வெளியே வராதவன், வந்தான். துணைக் கவுன்சிலிங் இன்னும் முடியலைன்னு அவனுக்குத் தெரியவே தெரியாது. என் போனில் இருவரும் சேர்ந்து பார்த்தோம். அவன் ஆசைப்பட்ட பாடம் போயிருந்தது. வேறு பாடம், கொஞ்சம் தூரத்துக் கல்லூரி, 7.5ல் கட்டணமில்லாம கிடைச்சது. நம்பர் கேட்ட இடத்தில் இந்த முறை அவனே டைப் பண்ணினான், அம்மாவோட நம்பர்.

38/
அம்மாவுக்கு இப்ப பி.பி. மாத்திரை பாதியாக் குறைஞ்சிருக்கு. பையன் முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் அரியர். "டாக்டரம்மா, அதை எடுத்துடுவேன்"னு சொல்லியிருக்கான். எடுப்பான்.

39/
கடைசியா ஒரு வேண்டுகோள். நீங்க வாத்தியாரா, வி.ஏ.ஓ.வா, நர்ஸா, பேங்க் ஊழியரா, இரண்டாம் வருஷம் படிக்கிற அண்ணனா அக்காவா, யாரா இருந்தாலும் சரி. இந்த வருஷம் உங்க தெருவில் ஒரு பிள்ளை பிளஸ் டூ முடிக்கும். அதுவா வந்து உங்ககிட்ட கேட்காது, கேட்கக் கூச்சப்படும். நீங்களே போய்க் கதவைத் தட்டுங்க. "பாப்பா, எங்கெங்க பாரம் போட்டிருக்க? காட்டு பார்ப்போம்."

20 நிமிஷம் போதும்.